உடைமையும் காட்சியும்: கென்வூட் மாளிகை ஓவியக்கூடம் பற்றி ஒரு நோக்கு

பிரபுக்களின் வாசஸ்தலங்கள் பொதுமக்களின் பார்வைக்குரிய கலை நூதனசாலைகளாக மாறிய வரலாறு ஐரோப்பிய நாடுகள் யாவற்றிலும் ஒரே தன்மையதாக அமைந்ததன்று. பாரிஸ் நகரின் லூவர் அரண்மனை 1793ஆம் ஆண்டில் நூதனசாலையாகத் திறக்கப்பட்டமைக்குப் புரட்சியே நேரடிக் காரணம். அரசனின் உடைமை குடியரசின் உடைமையாயிற்று என்பதை அங்கு எவரும் மறைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. இங்கிலாந்திலோ மாளிகைகள் கைமாறியது பெரும்பாலும் விற்பனை உறுதிகளாலும் மரணசாசனங்களாலுமேயாகும். உடைமை அமைதியாகக் கைமாறியவிடத்து, அவ்வுடைமை எவ்வாறு தோன்றிற்று என்ற கேள்வியும் அமைதியாகவே புதைந்துவிடுகிறது. இலண்டனின் வடபால் ஹம்ஸ்ரெட் ஹீத் என்னும் திறந்த வெளியின் ஓரத்திலே அமைந்துள்ள கென்வூட் மாளிகை இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். அங்கு செல்லும் எவரும் நுழைவுக் கட்டணம் எதுவுமின்றி றெம்பிறான்றையும் வேர்மியரையும் கண்டு திரும்பலாம். உலகில் இத்தகைய வாய்ப்பு மிகச் சில இடங்களிலேயே உண்டு. அவ்வாய்ப்பைச் சிறிதும் குறைத்து மதிப்பிடாமலே, அங்கு எமக்குக் காட்டப்படுவது யாது, அக்காட்சியினாலேயே மறைக்கப்படுவது யாது என இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

மாளிகையினுட் புகுமுன் அதன் பூங்காவைப் பற்றிக் கூறவேண்டும். தென்புற முகப்பில் நின்று நோக்கின், புல்வெளி மெல்லச் சரிந்து இறங்கி ஒரு நீர்நிலையிற் சென்று முடிகிறது. அதற்கு அப்பால் அடர்ந்த மரங்கள். நீர்நிலையின் ஒரு முனையில் வெண்ணிறப் பாலமொன்று தென்படும். ஆறொன்று அப்பாலத்தின் கீழாக ஓடி மரங்களிடையே மறைகின்றது என்ற எண்ணம் பார்ப்போர் மனத்தில் இயல்பாகவே எழும். அருகிற் சென்றாற்றான் உண்மை புலனாகும். அது பாலமே அன்று. பாலத்தின் முகப்பைப் போல மரத்தாற் செய்து வெள்ளை பூசி நிறுத்தப்பட்ட ஒரு தட்டி. அதன்மீது எவரும் நடந்து செல்ல இயலாது. அதன் கீழ் ஓடும் ஆறும் இல்லை. குளம் அவ்விடத்தில் முடிந்துவிடுகிறது என்ற உண்மையை வீட்டின் சாளரங்களிலிருந்து மறைப்பதே அதன் முழுப் பயனாகும்.

இதனை ஒரு வேடிக்கையாகக் கருதிச் சிரித்துவிட்டு அகல்வோர் பலர். ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நிலவனப்புக் கலையின் தத்துவம் முழுவதும் அந்த மரத்தட்டியில் அடங்கியுள்ளது என்பதே எமது கருத்து. அக்கலையின் தலையாய நோக்கம், எல்லையை எல்லையாகத் தோன்றவிடாது செய்தலாகும். பிரபுவின் நிலம் எங்கே முடிகிறது, அயலானின் நிலம் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியலாகாது. 1793இல் இரண்டாம் மான்ஸ்பீல்ட் பிரபுவின் பொருட்டு இப்பூங்காவைத் திருத்தி அமைக்க ஆலோசனை கூறிய ஹம்பிறி றெப்டன் இக்கலையில் வல்லவர். மாளிகைக்கு வரும் பாதையை வளைத்து, மரச்செறிவினூடாகச் செலுத்தி, மாளிகை திடீரெனக் கண்முன் எழுமாறு செய்தல் அவரது உத்திகளுள் ஒன்று. சற்றுத் தொலைவில் அக்காலத்திலேயே எழுந்த பாற்பண்ணைக் கட்டடங்களில் பாலும் வெண்ணெயும் ஆயத்தமாயின. அங்கே சீமாட்டி தன் விருந்தினருடன் அமர்ந்து தேநீர் அருந்துவதற்கும் ஓர் அறை இருந்தது. உழைப்பு முற்றாக ஒளிக்கப்படவில்லை. இரசிக்கத்தக்க அளவுக்குத் துப்புரவாக்கப்பட்டுக் காட்சியின் ஒரு பகுதியாக அமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் கிராமப்புறங்களிலே பொது நிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களின் மூலம் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாக்கப்பட்ட காலமும் இதுவே. நாடெங்கும் வேலிகள் எழுந்த காலத்தில், வேலி தெரியாத பூங்கா உயர்குடியினரின் அழகியல் இலட்சியமாயிற்று. றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட நாடும் நகரும் என்ற ஆய்வு இவ்வுறவை இலக்கியத்தில் வைத்து விரிவாக நிறுவியது. கென்வூட்டில் அதனை மண்ணில் வைத்தே கண்டுகொள்ளலாம்.

மார்க்ஸ் குடும்பத்தினர் ஞாயிறுதோறும் ஹம்ஸ்ரெட் வெளிக்கு உலாச் சென்றமையையும், ஹெலன் டெமுத் அம்மையார் கூடையில் எடுத்துச் சென்ற கன்றிறைச்சிப் பொரியலையும் வில்ஹெல்ம் லீப்னெக்ற் தமது நினைவுகளிற் சுவைபடக் குறிப்பிட்டுள்ளார். மூலதனத்தின் ஆசிரியர் புல்லில் அமர்ந்து பத்திரிகை படித்த அந்நாள்களில், கென்வூட் பிரபுவின் தனிப்பட்ட தோட்டமாகவே இருந்தது. பொதுவெளிகூடத் தானாக நிலைபெற்றதன்று. நிலச்சொந்தக்காரர் அதனைக் கட்டட நிலமாக்க முயன்றதை எதிர்த்து நெடுங்காலம் நடந்த போராட்டத்தின் பின்னரே, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது பொதுமக்களுக்கு உறுதியாயிற்று. கென்வூட் காணிகளும் 1920களில் வீடுகட்டுவோருக்கு விற்கப்படும் நிலையை எய்தியபோது, மக்கள் நிதி திரட்டி அவற்றின் பெரும்பகுதியை மீட்டனர். இன்று அங்கே நாய்களுடனும் குழந்தைகளுடனும் உலாவுவோர் காலடியில் இருப்பது பிரபுவின் தயாளம் அன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

மாளிகையை 1754இல் விலைக்கு வாங்கியவர் வில்லியம் மறே. ஸ்கொத்லாந்துப் பிரபு குடும்பத்து இளைய மகனான இவர், சட்டத்தொழிலால் உயர்ந்து, 1756 முதல் 1788 வரை இங்கிலாந்தின் பிரதம நீதியரசராக விளங்கினார். மான்ஸ்பீல்ட் பிரபு என்ற பெயரால் வரலாற்றில் அறியப்படுபவர். 1764 தொடக்கம் 1779 வரை இம்மாளிகையைப் புதுக்கி அமைத்தவர் றொபேட் அடாம். உரோமச் சக்கரவர்த்தி டயோக்கிளேசியனின் அரண்மனை இடிபாடுகளை அளந்து வரைந்து 1764இல் நூலாக வெளியிட்டவர் இவரே. அந்நூலின் படிப்பு இங்குள்ள நூலக மண்டபத்திற் கனிந்து நிற்கின்றது. வளைந்த கூரை; இரு அந்தங்களிலும் அரைவட்ட மாடங்களும் தூண்களும்; அன்ரோனியோ சுக்கி தீட்டிய விதான ஓவியங்கள்; சாளரங்களுக்கு எதிரே பூங்காவைப் பிரதிபலிக்கும் கண்ணாடிகள். பிற்காலத்தவர் பூசிய பொன்னிறம் 2012-2013 திருத்தப் பணிகளின்போது அகற்றப்பட்டு, அடாமின் வெளிறிய நீலமும் இளஞ்சிவப்பும் மீண்டுள்ளன. இம்மண்டபம் அழகானது, அதில் ஐயமில்லை. ஒரு வர்க்கம் தன்னைப் பற்றித் தானே கொண்டிருந்த உயர்ந்த எண்ணத்தின் அழகு அது: அறிவும் அதிகாரமும் நிலமும் ஒன்றையொன்று கண்ணாடியிற் பார்த்துக்கொள்ளும் அழகு.

மான்ஸ்பீல்ட் இன்று நினைவுகூரப்படுவது பெரும்பாலும் சமர்செற் வழக்கின் பொருட்டாகும். ஜேம்ஸ் சமர்செற் என்ற ஆபிரிக்க அடிமை தன் எசமானிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டு, யமேக்காவில் விற்கப்படும்பொருட்டுக் கப்பலில் விலங்கிடப்பட்டபோது, வழக்கு மான்ஸ்பீல்டின் முன் வந்தது. அடிமைத்தனத்தை வெளிப்படையான சட்டம் ஒன்றினாலன்றி வேறெதனாலும் தாங்கமுடியாது, இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் இல்லை என 1772 ஜூன் 22ஆம் திகதி அவர் தீர்ப்பளித்தார். சமர்செற் விடுதலையானார். தீர்ப்பின் எல்லை மிகக் குறுகியதே. எனினும் அதன் விளைவு பெரிது. இதற்கு எதிர்முனையில் வைத்து நோக்கவேண்டியது சோங் கப்பல் வழக்காகும். 1781இல் அக்கப்பலிலிருந்து 130க்கு மேற்பட்ட ஆபிரிக்கர் உயிருடன் கடலில் எறியப்பட்டனர். 1783இல் இவ்விடயம் மான்ஸ்பீல்டின் மன்றுக்கு வந்தது கொலை வழக்காகவன்று. இழந்த சரக்குக்குக் காப்புறுதிப் பணம் கோரிய வழக்காகவே. அவர் மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டார். கொலைக்குற்றத்துக்காக எவரும் விசாரிக்கப்படவில்லை. நவீன ஆங்கில வர்த்தகச் சட்டத்தின் தந்தை எனச் சட்ட வரலாற்றாசிரியர் இவரைப் போற்றுவர். வர்த்தக மூலதனத்துக்கு வேண்டிய உறுதிப்பாட்டைச் சட்டத்துக்கு வழங்கிய ஒருவர், அம்மூலதனத்தின் மிகப் பெரிய சரக்காக மனிதரே இருந்தமையை எதிர்நோக்கியபோது அடைந்த தத்தளிப்பையே இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன. தனிமனித நற்குணம் தீயகுணம் என்ற அளவுகோல்கள் இங்கு அதிகம் பயன்படா.

அத்தத்தளிப்பு அவரது வீட்டினுள்ளேயே வாழ்ந்தது. மான்ஸ்பீல்டின் மருமகனான கடற்படை அதிகாரி ஜோன் லின்ட்சேக்கும், மரியா பெல் என்ற அடிமைப் பெண்ணுக்கும் 1761இற் பிறந்த டைடோ எலிசபெத் பெல், கென்வூட்டிலேயே வளர்ந்தார். உடன் வளர்ந்த உறவினரான எலிசபெத் மறே சீமாட்டிக்கு ஆண்டுக்கு 100 பவுண் கைச்செலவுக்கு வழங்கப்பட்டது. டைடோவுக்கு 30 பவுணுக்குச் சற்றுக் கூடுதலாக. விருந்தினர் உணவருந்தி முடிந்த பின்னரே அவர் வந்து பெண்களுடன் கோப்பி அருந்தினார் என்றும், பாற்பண்ணையையும் கோழிகளையும் மேற்பார்த்தார் என்றும் 1779இல் அங்கு சென்ற தோமஸ் ஹச்சின்சன் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். மான்ஸ்பீல்ட் தமது மரணசாசனத்தில் டைடோவின் சுதந்திரத்தை உறுதிசெய்யும் வாசகத்தைச் சேர்த்தார். நாட்டின் பிரதம நீதியரசருக்கே தமது வீட்டுப் பெண்ணின் சுதந்திரத்தை எழுத்தில் உறுதிப்படுத்தும் தேவை இருந்தது என்பது, சமர்செற் தீர்ப்பின் எல்லை எது என்பதற்கு எந்தச் சட்ட நூலிலும் சிறந்த விளக்கவுரையாகும்.

இரு பெண்களையும் ஒருங்கே காட்டும் ஓவியம் புகழ்பெற்றது. நெடுங்காலம் ஸொபானியின் படைப்பெனக் கருதப்பட்டு, இன்று டேவிட் மாட்டின் வரைந்ததெனக் கொள்ளப்படுவது. எலிசபெத் கையில் நூலுடன் அமர்ந்திருக்கிறார். டைடோ தலைப்பாகையும் இறகும் அணிந்து, கனிகளை ஏந்தி, ஓவியத்தை விட்டு ஓடிவிடுபவர் போல் விரைகின்றார். ஒரு விரல் தன் கன்னத்தைச் சுட்டுகிறது. ஒருத்திக்கு நூலையும் மற்றவளுக்குக் கனியையும் கொடுத்த ஓவியர், ஒருத்திக்கு ஓய்வையும் மற்றவளுக்கு அசைவையும் கொடுத்தார். ஆயினும் பார்ப்போர் கண் செல்வது டைடோவிடமே. கருத்துநிலை வகுத்த இடத்தை மீறி உருவம் உயிர்பெறும் தருணங்களுள் இதுவுமொன்று. இவ்வோவியத்தின் மூலம் கென்வூட்டில் இல்லை. ஸ்கொத்லாந்தில் ஸ்கூன் அரண்மனையில், மான்ஸ்பீல்ட் வம்சத்தாரின் உடைமையாக உள்ளது.

இது எம்மை இந்நூதனசாலையின் அடிப்படை முரண்பாட்டுக்கு இட்டுச் செல்கிறது. கென்வூட் சுவர்களில் இன்று தொங்கும் ஓவியங்கள் கென்வூட் வாசிகளின் ஓவியங்களல்ல. மான்ஸ்பீல்ட் குடும்பம் 1922இல் வீட்டுப் பொருள்களை ஏலத்தில் விற்றுத் தீர்த்தது. 1925இல் வெறும் வீட்டையும் சூழவுள்ள நிலத்தையும் வாங்கியவர் டப்ளின் மதுவடிசாலை அதிபரான எட்வேட் செசில் கின்னஸ் என்னும் ஐவா பிரபு. 1886இல் தமது குடும்ப நிறுவனத்தைப் பங்குச் சந்தையில் 60 இலட்சம் பவுணுக்கு விட்டவர் அவர். அடுத்து வந்த சில ஆண்டுகளில், பெரும்பாலும் அக்னியூ என்ற ஒரே வியாபாரி மூலம், ஓவியங்களை வாங்கிக் குவித்தார். விற்றவர்கள் யாவர்? வட அமெரிக்கத் தானியம் ஐரோப்பியச் சந்தையிற் பெருகியமையால் நில வருமானம் வீழ்ந்து, 1882ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைச் சொத்துகளை விற்க வழிதிறந்தபோது, தமது பாட்டிமாரின் உருவப்படங்களைச் சந்தைக்கு அனுப்பிய நிலப்பிரபுக்களே பெரும்பாலும். வாங்கியவரும் விரைவிலேயே பிரபுப் பட்டம் பெற்றார். 1927இல் அவர் இறந்தபோது 63 ஓவியங்களும் மாளிகையும் நாட்டுக்கு உரித்தாயின. 1928இல் மக்கள் உள்ளே விடப்பட்டனர்.

ஆகவே கென்வூட்டில் நாம் காணும் ‘பிரபு வாழ்க்கை’, பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியிற் கைத்தொழில் மூலதனம் தனக்கெனத் திரட்டிக்கொண்ட பதினெட்டாம் நூற்றாண்டாகும். மதுவடிசாலை இலாபத்தில் வாங்கப்பட்ட முன்னோர்கள் அவர்கள். இடமும் பொருளும் பொருந்தியிருப்பதாகத் தோன்றும் அமைதி, குளத்து முனையிலுள்ள பாலத்தின் இனத்தைச் சேர்ந்தது.

இத்தொகுதியில் உழைப்பு எவ்வாறு தோன்றுகிறது என்று தேடிப்பார்த்தல் பயன் தரும். கெயின்ஸ்பறோவின் ஹவ் சீமாட்டி இளஞ்சிவப்புப் பட்டில் தன் நிலத்தினூடாக நடந்து வருகிறார். அப்பட்டின் சலசலப்பு காதில் விழும்போலிருக்கிறது. நிலம் அவருக்குப் பின்னே திரையாக ஒதுங்கி நிற்கிறது. அதே ஓவியரின் சந்தைக்குச் செல்வோர் என்ற படத்தில் குடியானவர்கள் வருகின்றனர். காலை ஒளி அவர்களது வறுமையை மென்மையாக்கிவிடுகிறது. றொம்னி வரைந்த நூல் நூற்கும் பெண் இன்னும் சுவையானது. வெண்ணிற ஆடையில் இராட்டினத்தின் முன்னமர்ந்து எம்மைத் திரும்பிப் பார்ப்பவர் எம்மா ஹாட். பிற்காலத்தில் ஹமில்ற்றன் சீமாட்டி எனப் பெயர் பெற்றவர். கொல்லன் ஒருவனின் மகளான அவர் சிறுவயதில் உண்மையாகவே வீட்டுவேலை செய்து பிழைத்தவர். அப்போது அவரை எவரும் வரையவில்லை. செல்வந்தரின் ஆசைநாயகியான பின், செய்யாத வேலையைச் செய்பவராக வரையப்பட்டார். ஆர்க்றைற்றின் நூற்பு ஆலைகளில் பெண்களும் குழந்தைகளும் இரவு பகலாக உழைக்கத் தொடங்கிவிட்ட 1780களின் ஓவியம் இது.

இவற்றுக்கிடையே றெம்பிறான்றின் தற்படம் நிற்கிறது. 1665ஆம் ஆண்டளவில், கடனால் வீட்டையும் பொருள்களையும் இழந்த பின்னர் வரைந்தது. வெள்ளைத் தொப்பி, தடித்த மேலாடை, கையில் வண்ணத் தட்டும் தூரிகைகளும். அந்தக் கையை அவர் வரைந்து முடிக்கவேயில்லை. சில கீறல்களாக விட்டுவிட்டார். பின்னே சுவரில் இரு பெரு வட்டங்களின் பகுதிகள். அவற்றுக்கு அறிஞர் கூறிய விளக்கங்கள் பல. எதுவும் முடிவானதன்று, எமக்கு அது குறையாகவும் தோன்றவில்லை. இத்தொகுதியில் ஒரு மனிதர் தமது வேலையுடுப்பில், தமது தொழிற்கருவிகளுடன், யாருடைய இரக்கத்தையும் வேண்டாது எம்மை நேராக நோக்கி நிற்பது இங்கேதான். ஓவியக் கலையை வெறுமனே உடைமை வர்க்கத்தின் பிரசாரமாகக் காணும் வரட்டு மார்க்சியம், இப்படத்தின் முன் சொல்லிழந்து நிற்கவேண்டியதாகும். சந்தையில் வாங்கி விற்கப்பட்டபோதும் சந்தைக்கு அடங்காத ஒன்று இதில் உண்டு. அதனை விளக்குவதும் எமது விமரிசனத்தின் கடமையே. வேர்மியரின் கித்தார் வாசிக்கும் பெண்ணையும் இவ்வாறே நோக்கலாம். ஓவியர் கடனாளியாக இறந்தபின் அவரது மனைவி பாண் கடைக்காரரின் கடனுக்கு ஈடாகக் கொடுத்த இரு படங்களுள் அதுவும் ஒன்றெனக் கருதப்படுகின்றது. 1974இல் அது கென்வூட்டிலிருந்து திருடப்பட்டபோது, சிறையிலிருந்த ஐரிஷ் சகோதரியர் இருவரின் பெயரும், கிரெனடாத் தீவினருக்கு உணவு வழங்கவேண்டுமென்ற கோரிக்கையும் செய்திகளில் அடிபட்டன. சில மாதங்களில் படம் மீண்டது. டப்ளின் இலாபமும் மேற்கிந்தியத் தீவுகளும் ஒரு கணம் இவ்வீட்டின் கதவைத் தட்டிச் சென்றன.

கிரெனடாவுக்குப் பின்னர் வருவோம். இலங்கையரான எமக்குக் கென்வூட்டில் மிக அண்மித்த உறவுடைய ஓவியம் பிரான்ஸ் ஹால்ஸ் 1633இல் வரைந்த பீற்றர் வான் டென் புறூக்கின் உருவப்படமாகும். கலைந்த தலைமயிர், சிவந்த முகம், இப்போதுதான் சிரித்து ஓய்ந்தவர் போன்ற உதடுகள். ஹால்ஸின் விரைந்த தூரிகை எவரையும் எமக்கு நண்பராக்கிவிடும் வல்லமை வாய்ந்தது. மார்பின் குறுக்கே கிடக்கும் பொற்சங்கிலி, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரது சேவைக்கு அளித்த பரிசு. மேற்கு ஆபிரிக்கக் கரையில் யானைத்தந்தமும் அடிமைகளும் வாங்கி விற்று அனுபவம் பெற்று, பின்னர் மொக்காவிலும் சூரத்திலும் கம்பெனியின் வர்த்தகத்தை நிலைநாட்டியவர் அவர். 1640இல் மலாக்காவில் இறந்தார். யாழ்ப்பாணத்தை அக்கம்பெனி 1658இல் கைப்பற்றியபோது அவர் உயிருடன் இல்லை. அவர் அணிந்த சங்கிலியை வழங்கியவர்களின் ஆட்சி எம் மண்ணில் 1796 வரை நிலவிற்று.

அவ்வாட்சியிலேயே, தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்படி, கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டினார். பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு உடன்பட்டதன் பின் 1707இல் தேசவழமை சட்டமாயிற்று. ஆதனம், சீதனம், ஈடு ஆகியவற்றுடன் அடிமைகள் பற்றிய பகுதியும் அதில் இடம்பெற்றது. இங்கிலாந்தில் அடிமைத்தனத்தைத் தாங்கும் வெளிப்படையான சட்டம் இல்லை என மான்ஸ்பீல்ட் கூறியபோது, யாழ்ப்பாணத்தில் அத்தகைய சட்டம் எழுத்தில் இருந்தது. கம்பெனியும் உள்ளூர் நிலவுடைமையாளரும் சேர்ந்து எழுதிவைத்த சட்டம் அது.

கென்வூட்டைப் பற்றி எழுதுவோர் சமர்செற் வழக்கைத் தவறாது குறிப்பிடுவர். இரண்டாண்டுகளின் பின், 1774இல், அதே மான்ஸ்பீல்ட் தீர்த்த காம்பெல் எதிர் ஹோல் என்னும் வழக்கு பெரும்பாலும் சட்ட மாணவருக்கே விடப்படுகின்றது. பிரான்சிடமிருந்து பிரித்தானியர் பெற்ற கிரெனடாத் தீவில், ஏற்றுமதிச் சீனிக்கு விதிக்கப்பட்ட நாலரை வீத வரியை எதிர்த்துத் தோட்டச் சொந்தக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. அச்சீனியை விளைவித்தோர் அடிமைகள் என்பதைக் கூறவேண்டியதில்லை. வெல்லப்பட்ட நாட்டின் சட்டங்கள், வென்றவர் மாற்றும்வரை தொடர்ந்து நிலைக்கும் என்ற கோட்பாட்டை மான்ஸ்பீல்ட் அத்தீர்ப்பில் வகுத்துரைத்தார். பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியின் பொதுவிதியாக அது பின்னர் வழங்கலாயிற்று. கரையோர இலங்கையில் ஒல்லாந்தர் காலச் சட்டங்கள் தொடரும் என 1799ஆம் ஆண்டுப் பிரகடனம் கூறியதும் இதே தடத்திலாகும். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி தேசவழமைக்கு முழு வலுவும் அளித்தது. ஆள்வோருக்கு அது மலிவான வழி; யாழ்ப்பாணத்து உடைமை வர்க்கத்துக்கு உவப்பான வழி. சமர்செற்றை விடுவித்த நீதியரசரின் மற்றொரு தர்க்கத்தின் நிழலில், யாழ்ப்பாணத்து அடிமை தன் எசமானின் ஆதனமாகவே 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரை இருந்துவந்தார். அவர்களில் எவரையும் எந்த ஓவியரும் வரையவில்லை.